பாதியாகச் சுண்டிய தண்ணீர்

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் சவரிநாதனுக்குத் தண்ணிச் சாமி என்று பட்டப்பெயர் விழுந்திருந்தது. கேலிக்குத்தான் வைத்தார்கள். அவன் காதில் விழாததுபோல இருந்துவிட்டான். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் குழாயடியில் கையேந்தி மடக் மடக்கென்று குடிக்கும்போது, அவன் மட்டும் வீட்டில் காய்ச்சி எடுத்துப்போன பாட்டிலைத் திறப்பான். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டான்.

சிரித்தவர்களுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. எழுபத்தேழு வெள்ளம் வடிந்த கையோடு ஊரில் பாதிப் பேருக்கு வயிறு கெட்டது. அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான் மூத்த பிள்ளை தைரியராஜ். வாந்தியும் பேதியுமாகக் கிடந்தான்; ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆற்றுத் தண்ணீரா, கிணறா, குழாயா, எது அவனைக் கொண்டுபோனது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததால் சவரிநாதன் மூன்றையும் சேர்த்து வெறுத்தான்.

அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் தொட்டில் ஆடவில்லை. எண்பதாம் வருஷம் ஆடி மாதத்தில் பேட்ரிசியா பிறந்தாள். பிறந்த சில நாளிலேயே அவன் மனைவி டோரதிக்கு மார்பில் கட்டி வந்து, அறுத்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது பால் வற்றிப் போயிருந்தது. இனி பவுடர் பால்தான் என்று சொல்லிவிட்டார்கள். பவுடரைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். எந்தத் தண்ணீரை நம்புவது என்று சவரிநாதன் பார்த்தவர்களையெல்லாம் கேட்டான்.

கை கொடுத்தவன் காத்தான். அதே ஷாப்பில் சம்மட்டி அடிப்பவன். துறையூருக்கு அப்பால் பச்சைமலை அடிவாரத்தில் மூங்கிலடி என்ற சின்ன ஊர்க்காரன். சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வேலைக்கு வந்துவிடுவான்.

"எங்க ஊத்துத் தண்ணி இருக்கும்போது நீங்க ஏண்ணே கிடந்து அல்லாடுறீங்க? மேல காடு, கீழ பாறை. எங்க ஊர்ல தண்ணியால ஒரு புள்ள செத்ததுன்னு நான் கேட்டதில்ல" என்றான்.

அடுத்த திங்கட்கிழமையே அலுமினியப் பால் கேன் ஒன்றில் நிரப்பி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, தோளில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். கூலி என்று பேச்செடுத்தபோது கோபித்துக்கொண்டான். சவரிநாதன் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்துப் பார்த்தான். குளுகுளுவென்று இறங்கியது. தைரியராஜ் போனதற்குப் பிறகு அவன் பயப்படாமல் குடித்த முதல் தண்ணீர் அது.

மலையின் மேல்பக்கத்தை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்த கதையையும் காத்தான்தான் சொன்னான். இருந்த காட்டை மொட்டையடித்துவிட்டு, காகித மில்லுக்கு ஆகும் மரக்கன்றுகளை வரிசை வரிசையாக நட்டார்களாம். கன்று சீக்கிரம் வளரட்டும் என்று லாரி லாரியாக உப்பு ஏற்றிப்போய்க் கொட்டினார்களாம். யூரியாவுக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர் உப்பு.

"காட்டை வெட்டுனப்ப ஊத்து வத்திரும்னு பயந்தோம்ணே. வத்தல. முன்னைக்கு இப்பத்தான் ஜாஸ்தியா வருது. மேல போட்ட உப்புல எங்க ஓடை வரைக்கும் செழிச்சுப் போச்சு. பாறையெல்லாம் பாசி, பச்சைப் பசேல்னு இருக்கு. கண்ணுக்கே குளிர்ச்சி" என்றான்.

சவரிநாதனுக்கும் கேட்கக் கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. தண்ணீர் பெருகினால், பச்சை படர்ந்தால் நல்லது என்றுதானே நாம் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம்.

அந்தத் தண்ணீரையும் அவன் குழந்தைக்கு அப்படியே கொடுத்துவிடவில்லை. சின்ன வயதில் அவனுக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது, மலைக்கோட்டைச் சந்து ஒன்றில் இருந்த நாட்டு வைத்தியர், தண்ணீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். பிழைத்தான். கொதிக்க வைத்தாலே கிருமி செத்துவிடும் என்றால், பாதியாகச் சுண்ட வைத்தால் அதன் வம்சமே அழிந்துவிடாதா? பாத்திரம் நிறைய ஊற்றி ஸ்டவ்வில் ஏற்றிவிட்டு, சரிபாதியாக இறங்கும்வரை பக்கத்திலேயே நிற்பான். ஷிப்ட் முடிந்து வந்த காலோடு நிற்பான். ஸ்டவ் பக்கம் டோரதியைக்கூட விடமாட்டான்.

"ரேஷன் மண்ணெண்ணெய் பூரா இதுக்கே போகுது. சோறு எதுல ஆக்குறதாம்?" என்று டோரதி முணுமுணுப்பாள்.

"விறகுல ஆக்கு" என்பான்.

வீட்டில் சோறு கருகிய நாள் உண்டு. குழந்தையின் தண்ணீர் ஒரு நாளும் பாதிக்கு மேல் நின்றதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. குழந்தையின் நிறம் மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் கண்டவள் பக்கத்து வீட்டு அற்புதம்மாள். குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "டோரதி, இவ உதட்டைப் பாரு. நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு" என்றாள். நகக்கண்ணும் அப்படித்தான் இருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வாய்விட்டு அழாமல் பூனைக்குட்டி போல முனகினாள்.

ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் குழந்தை வைத்தியம் பார்க்கும் டாக்டர் செங்கமலத்திடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த அம்மாள் பழைய வீடு ஒன்றையே ஆஸ்பத்திரியாக மாற்றி, பின்கட்டில் சில கட்டில்கள் போட்டிருந்தாள். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"இதயத்துல சத்தம் ஒண்ணும் தப்பா இல்லை. நுரையீரலும் நன்னா இருக்கு. கொழந்தைக்குப் பால் எந்த ஜலத்துல கரைக்கறேள்? கெணத்து ஜலமா?"

கேட்க வேண்டிய கேள்வியை அந்த அம்மாள் முதல் நாளே கேட்டுவிட்டாள். பதில் சொன்ன ஆள்தான் சவரிநாதன்.

"கிணறா? கிணத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் டாக்டரம்மா. பச்சைமலை ஊத்துத் தண்ணி. காட்டுலேர்ந்து நேரா வருது. அதையும் காய்ச்சித்தான் குடுக்குறோம்."

"காட்டு ஊத்தா? அப்போ அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்" என்று அவள் அந்த நினைப்பைக் கைவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஏதாவது இதயத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான் பால் கரைத்தாள், ஆஸ்பத்திரித் தண்ணீரில். வெளியிலிருந்து எதுவும் கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சவரிநாதன் வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் குழந்தை நாளுக்கு நாள் தெளிந்தாள். உதடு சிவந்தது. ஆளைப் பார்த்துச் சிரித்தாள். டோரதி மாதாவுக்கு நேர்ந்துகொண்டதுதான் பலித்தது என்று இருவரும் நம்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்றே அவன் ஸ்டவ்வைப் பற்றவைத்தான். ஆஸ்பத்திரித் தண்ணீர் குழந்தையின் வயிற்றில் என்னென்ன விட்டுவைத்திருக்கிறதோ என்ற பயத்தில், பாதி போதாது என்று கால்வாசியாகச் சுண்ட வைத்தான்.

மறுபடியும் உதடு கறுத்தது. இந்தத் தடவை காதுமடலும் பாதமும்கூட.

குடியிருப்பில் பேச ஆரம்பித்தார்கள். மூத்தது போன வீடு, அதுதான் இளையதைக் கூப்பிடுகிறது என்றார்கள். பங்குச் சாமியார் அமிர்தசாமி வந்து வீட்டை மந்திரித்து, மூலைக்கு மூலை தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் டோரதி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரியில இருந்தா நல்லா இருக்கா. இங்க வந்தா கறுத்துப் போறா. இந்த வீடுதான் ஆகல. எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். நான் இன்னொரு புள்ளையத் தூக்கிக் குடுக்க மாட்டேன்."

இவ்வளவு தூரம் வந்தவள் இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் போதும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவளுக்குப் புருஷன் மேல் அசையாத நம்பிக்கை. தைரியராஜுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்தவள் அவள். சவரிநாதன் அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவன் சொல்லாததே அவளைக் கட்டிப் போட்டிருந்தது.

காட்டூரில் டோரதியின் அக்காள் ரோசரி வீட்டுக்குக் குடிபோனார்கள். துணி மூட்டை, பால் டின், தொட்டில் சேலை, மாதா படம் எல்லாம் குதிரை வண்டியில் போயின. சவரிநாதன் பால் கேனை மட்டும் வண்டிக்காரனை நம்பி விடாமல் மடியில் வைத்துக்கொண்டு போனான். காத்தான் அப்போது லீவில் இருந்தான். அவன் மகள் பொன்னுத்தாய் பிரசவத்துக்கு வீடு வந்திருந்தாள். இருந்தும் தவறாமல் கண்டக்டரிடம் சொல்லிப் பஸ்ஸிலேயே கேனை அனுப்பிவைத்தான். சவரிநாதன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிக்கொண்டு போவான். மழை வலுக்க வலுக்கத் தண்ணீர் கண்ணாடி போல வந்தது. வீடு மாறியும் குழந்தை தேறவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் பேட்ரிசியா கண் திறக்கவில்லை. உடம்பு முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. மூச்சு மட்டும் வேகவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. டாக்ஸி பிடித்து ஸ்ரீரங்கத்துக்குப் பறந்தார்கள். புறப்படும் பதற்றத்திலும் சவரிநாதன் அடுக்களைக்கு ஓடி, முதல் நாள் சுண்ட வைத்திருந்த தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றி, பால் டின்னோடு டோரதியின் பையில் வைத்தான்.

"அங்க நர்ஸ் இல்லாத நேரமாப் பார்த்து இதுலயே கரைச்சுக் குடு. ஏற்கெனவே உயிர் ஊசலாடுது. கண்ட தண்ணியை வாயில வைக்காத."

டாக்டர் செங்கமலம் குழந்தையைப் பார்த்ததும் வாங்கிக் கட்டிலில் கிடத்தினாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்தும் நிறம் மாறவில்லை. குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தத்தை வெள்ளைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். ரத்தம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. காற்றுப் பட்டால் சிவக்கும் என்று ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். சிவக்கவில்லை. கம்பவுண்டரைக் கூப்பிட்டு ஒரு மருந்தின் பெயரை எழுதிக்கொடுத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொண்டு உடனே வரச் சொன்னாள். டோரதியையும் குழந்தையையும் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, சவரிநாதனை முன்னறையில் நிறுத்தினாள்.

"மறுபடியும் கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்கோ. அந்த ஊத்துக்கு மேல என்ன இருக்கு?"

"காடுதாங்க."

"இப்பவும் காடுதானா?"

"முன்ன காடு. இப்ப வெட்டிட்டு மரக்கன்னு நட்டிருக்காங்களாம். உப்பு... யூரியா நிறையப் போடுறாங்களாம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"காய்ச்சறேன்னேளே, எவ்வளவு நாழி காய்ச்சுவேள்?"

அந்த நிலையிலும் அவன் குரலில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. "பாதியாச் சுண்டற வரைக்கும். இப்பக் கொஞ்ச நாளா கால்வாசியா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"காடு இருந்தா மண்ணுல இருக்கற சத்தை வேர் உறிஞ்சிண்டுடும். வெட்டிட்டா உறிஞ்சறதுக்கு ஆளில்லை. மேல யூரியாவையும் கொட்டினா எல்லாம் நைட்ரேட்டா மாறி, மழையில கரைஞ்சு, ஊத்து வழியா கீழ வந்துடும். பாக்கறதுக்குத் தெளிவாத்தான் இருக்கும். நமக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது. புட்டிப்பால் குடிக்கற பச்சைக் கொழந்தைக்கு ரத்தம் பிராண வாயுவைச் சுமக்க முடியாமப் போயிடும். நீலமாயிடும். காய்ச்சினா கிருமி சாகும், வாஸ்தவம். இது கிருமி இல்லையே. கொழம்பு சுண்டினா உப்பு ஏறறதோன்னோ, அது மாதிரி நீங்க சுண்டச் சுண்ட இது ஏறிண்டே போயிருக்கு. காடுன்னு நீங்க சொன்ன அன்னிக்கே, என்ன காடுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை."

சவரிநாதனுக்கு முழுவதும் புரிந்தது. புரிந்த அதே நொடியில் பிளாஸ்க் ஞாபகம் வந்தது.

கூடத்தையும் முற்றத்தையும் தாண்டி அவன் ஓடிய ஓட்டத்தில் மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பின்கட்டில் டோரதி கட்டிலில் உட்கார்ந்து குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். புட்டி பக்கத்தில் காலியாகக் கிடந்தது. அவள் முகத்தில் பல நாளாகக் காணாத தெளிவு.

"என்னங்க, கண்ணு முழிச்சுட்டா. பூராவும் குடிச்சுட்டா. ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கல" என்றாள்.

கம்பவுண்டர் ஊசி மருந்தோடு திரும்பியபோது மத்தியானம் ஆகியிருந்தது. டாக்டர் போட்டுப் பார்த்தாள். போட்ட பிறகும் வெகுநேரம் அந்தச் சின்ன மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பேட்ரிசியா போய்விட்டாள்.

டாக்ஸியில் திரும்பும்போது சவரிநாதன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால் டோரதிக்குக் கடைசிப் புட்டி மட்டும்தான் மிஞ்சும். அப்புறம் அவள் உயிரோடு இருக்க மாட்டாள். காத்தானுக்குத் தோளில் சுமந்த கேன் மிஞ்சும். தெரிந்தவன் நான் ஒருத்தன், என்னோடு போகட்டும். இதயத்தில் ஓட்டை என்று கேட்டவர்களிடம் சொன்னான். ஐயோ பாவம் என்றார்கள். டாக்டரும் மற்றவர்களிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவனுக்கு அழக்கூடத் தோன்றவில்லை; தன் இரண்டு கைகளையும் அந்த ஸ்டவ்வில் வைக்க வேண்டும் போல இருந்தது.

பொன்மலை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். டோரதியின் தகப்பனார் தூரத்து ஊரிலிருந்து வரவேண்டியிருந்ததால் அடக்கத்தைத் திங்கட்கிழமை காலையில் வைத்தார்கள். வெள்ளைத் துணி போர்த்திய சின்னப் பெட்டி, தலைமாட்டில் மெழுகுவர்த்தி, காலடியில் ஜெபமாலை சொல்லும் பெண்கள். சாமியார் வரவேண்டியதுதான் பாக்கி. அப்போது வாசலில் சலசலப்புக் கேட்டது.

லீவு முடிந்து முதல் பஸ்ஸில் வந்த காத்தான், தோளில் கேனோடு நின்றான். கூட்டத்தையும் பெட்டியையும் பார்த்தவன் கேனை அப்படியே இறக்கிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுகை ஓய்ந்ததும் நகர்ந்து நகர்ந்து வந்து சவரிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாப்பாவுக்குன்னு இன்னிக்கு ஊத்துக் கண்ணுலயே மொண்டுட்டு வந்தேண்ணே. சந்தோசமா ஒண்ணு சொல்லணும்னு ஓடியாந்தேன். பொன்னுத்தாய்க்கு ரெட்டைப் புள்ளைங்க பொறந்திருக்கு. இந்த நேரத்துலயா அதைச் சொல்லணும்..."

சவரிநாதன் தலையை ஆட்டினான். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. ஆனாலும் கேட்டுவிட்டான்.

"பால் இருக்கா அதுக்கு?"

"ரெண்டுக்கும் எங்கண்ணே பத்துது? ஒண்ணுக்குத் தாய்ப்பால், இன்னொண்ணுக்கு நேத்துதான் டின் வாங்கிக் குடுத்தேன். நீங்க பாப்பாவுக்குப் பண்றதையேதான் அதுக்கும் சொல்லிட்டு வந்திருக்கேன். பாதியாச் சுண்ட விடு தாயி, அவசரப்படாத, கால்வாசியானாலும் நல்லதுதான்னு..."

சவரிநாதன் எழுந்துவிட்டான். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"குடுக்கக் கூடாது. காத்தான், அந்தத் தண்ணியைக் குடுக்கக் கூடாது. அதுதான் இவளைக் கொன்னுச்சு. மேல கொட்டுற யூரியா அதுல வருது. டாக்டரம்மா சொன்னாங்க. நான் சுண்ட வச்சேன் பாரு, அதுல இன்னும் ஏறிப்போச்சு. உன் ஊர்ல போன் இருக்கா? யாராவது இப்ப அங்க போறவங்க இருக்காங்களா?"

காத்தான் இல்லை என்று கையை விரித்தான். மூங்கிலடியில் போனும் இல்லை, கரண்டும் இல்லை. சவரிநாதன் அவனைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். அப்புறம்தான் டோரதி பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் வந்தது. அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்திருந்தது. பிளாஸ்க், புட்டி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தது எல்லாம் அவள் கண்ணில் வந்து போவதை அவன் பார்த்தான்.

"போங்க" என்றாள். "சாமியார் வந்தா நான் பார்த்துக்கிறேன். நீங்க முதல்ல போங்க."

சட்டைகூட மாற்றாமல் இருவரும் துறையூர் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் ஊருக்கு ஊர் நின்று ஆள் ஏற்றியது. சவரிநாதன் எழுந்துபோய் டிரைவரிடம் கெஞ்சிப் பார்த்தான். என்ன அவசரம் என்று கேட்டபோது அவனுக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. மண்ணச்சநல்லூர் தாண்டியபோது காத்தான் வாய் திறந்தான்.

"அப்ப நான் கொண்டாந்ததுதானாண்ணே?"

"நீ தண்ணிதான் கொண்டுவந்த. சுண்ட வச்சது நான்."

இந்நேரம் பெட்டியை மூடியிருப்பார்கள். சவரிநாதன் அதை நினைக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, தூரத்தில் தெரியத் தொடங்கிய மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னுத்தாய் சோம்பேறியாக இருக்க வேண்டும், அடுப்பைப் பற்றவைக்காமல் தூங்கிப்போயிருக்க வேண்டும், அப்பன் சொன்னதைக் காதில் வாங்காத மகளாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே போனான்.